பத்திரிகையில் முதல் பெயர்

எங்கள் பக்கத்து விசேஷப் பத்திரிகைகளைக் கையில் வாங்கினாலே எனக்குக் குமட்டும். மூலைக்கு மூலை மஞ்சள் தடவிய தாள். உள்ளே காது குத்துகிற பிள்ளையின் பெயர் ஒரு வரி. அதைச் சுற்றி மேலும் கீழுமாக எழுபது எண்பது பெயர்கள். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டுக்காரர், கட்சியில் ஏதோ பொறுப்பில் இருக்கிற ஒன்றுவிட்ட சகலை என்று அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதற்காகப் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி எழுதச் சொன்னால் சந்தோஷமாக எழுதுவேன். இது என்னைப் பற்றியது என்பதால் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்கு. வீடு வில்லாபுரத்தில். அப்போது படம் என்றால் ஃபிலிம்தான். இருட்டறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் மருந்துத் தொட்டியில் முக்கி, கழுவி, கம்பியில் மாட்டிக் காயவைக்க வேண்டும். அந்த மருந்தின் புளித்த வாடை சட்டையை விட்டுப் போகவே போகாது. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அடிக்கும். படித்தது என்னவோ இரண்டு வருஷப் படிப்பு. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். முதுகு வலி, முட்டி வலி என்று சொந்தக்காரர்கள் யாராவது வந்தால், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போங்க" என்பேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிடுகிறேன் என்கிற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

எனக்கு ஒரே தங்கை. அவளைச் செக்கானூரணிக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். கிணற்றுப் பாசனம், வாழை, ஐந்தாறு மாடுகள். மாப்பிள்ளை நல்லவர், நல்லவர் என்றால் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர். அவருடைய அண்ணன் சொன்னதுதான் அங்கே சட்டம். கல்யாணமாகி இரண்டாவது மார்கழியில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பிள்ளை பால் குடிக்கும்போதெல்லாம் தலை தெப்பமாக நனைந்துவிடும். இரண்டு வாய் இழுக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி இழுக்கும். மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழும். மாதத்துக்கு ஒரு தடவை சளியும் காய்ச்சலும். ஆறு மாதத்திலும் மூன்று மாதப் பிள்ளை போலத்தான் இருந்தது. அந்த வீட்டில் அதற்குச் சொன்ன காரணங்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. முதலில் மாந்தம் என்றார்கள். பிறகு தோஷம் என்று கையில் கயிறு கட்டினார்கள். கடைசியில் தொக்கம் என்றார்கள். அதாவது தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டு இறங்காமல் இருக்கிறதாம்.

தொக்கம் எடுக்கிற அம்மாள் ஒருவர் உசிலம்பட்டிப் பக்கம் இருந்தார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மாள் வெற்றிலையைக் குதப்பியபடியே பிள்ளையின் கழுத்தைத் தடவினார், தொண்டைக்குழியில் வாய் வைத்து உறிஞ்சினார், உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். சிவந்த எச்சிலுக்கு நடுவில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் ருசித்திராத பிள்ளையின் தொண்டையிலிருந்து கறிவேப்பிலை வந்திருக்கிறது. சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. "இம்புட்டு நாளா இதத்தான் வச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்று மாப்பிள்ளையின் அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் எதிர்த்துப் பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி முற்றி, மூச்சுத் திணறி, எங்கள் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். படம் எடுத்தவன் நான்தான். தங்கை பிள்ளையின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு அழக்கூட மூச்சில்லை. இருட்டறையில் படம் தெளிந்து வந்ததும் சிவப்பு பல்புக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தேன். அந்தச் சின்ன நெஞ்சுக்கூட்டில் முக்கால்வாசி இடத்தை இதயமே அடைத்துக்கொண்டிருந்தது.

குழந்தைகளுக்கான இதய டாக்டர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அதிகம் பேசாத மனிதர். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், எக்கோ எடுத்துப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். உள்ளங்கைக்கு அடியில் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு. தங்கையையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து, ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினார்.

"இருதயத்துல கீழ இருக்க ரெண்டு அறைக்கும் நடுச்சுவர்ல ஓட்டை. சின்னதா இருந்தா தானா மூடிக்கிரும்னு காத்திருக்கலாம். இது பெருசு. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் திரும்பத் திரும்ப நுரையீரலுக்கே போகுது. அம்புட்டு ரத்தத்தையும் அங்க இருக்க சின்னக் குழாய்கள் தாங்காது. தாங்கணும்னு அதுகளே தடிச்சு இறுகிப்போகும். இறுகிப்போச்சுன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இப்பவே ஆபரேஷன் பண்ணி ஓட்டைய அடைச்சிட்டா மத்த பிள்ளைக மாதிரி ஓடியாடும். ஒன்றரை வயசத் தாண்ட விட்றாதீங்க."

மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார், சொட்டு மருந்து எழுதினார். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். செலவுக்கு ஒரு தர்ம டிரஸ்டில் அவரே பேசி வழி பண்ணிவிட்டார். பணம் இல்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட எங்களுக்கு ஒரு சாக்கை அந்த மனிதர் மிச்சம் வைக்கவில்லை. நாங்களே ஒரு சாக்கைக் கண்டுபிடித்துக்கொண்டோம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். அவர்கள் வம்சத்துப் பிள்ளைக்கு முதல் முடி குலசாமிக்குத்தான். அதுவரைக்கும் அந்த உடம்பில் வேறு கத்தி படக்கூடாது. சாமி கத்தி இருக்கிற குலசாமி கோயில் பெட்டி வருஷத்துக்கு ஒரு முறை மாசி சிவராத்திரிக்குத்தான் திறக்கும். மறுநாள் காலையில் சாமி கத்தியை எடுத்து, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடி இறக்கி, காது குத்துவார்கள். "சாமி கத்தி படாத ஒடம்புல ஆஸ்பத்திரிக் கத்தி படலாமா? மாசிக்கு இன்னும் நாலு மாசந்தான. சாமிக்குச் செஞ்சுட்டு மறுநாளே மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மாப்பிள்ளையின் அண்ணன். டாக்டரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாசியில் பிள்ளைக்குப் பதினான்கு மாதம். "மாசின்னா மாசி. பங்குனி பொறக்கையில பிள்ளை மெட்ராஸ்ல இருக்கணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தை கடைசியில் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளையும் தங்கையும் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு வைத்து முறையாகத்தான் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். 'தாய்மாமன்மார்கள்' என்று போட்டு இரண்டு பெயர்கள். முதலில் எங்கள் பெரியப்பா மகன் பெயர். அதற்குக் கீழே என் பெயர்.

பெரியப்பா மகன் கான்ட்ராக்டர். விளாங்குடியில் மாடி வீடு, சொந்தமாக இரண்டு வேன். கோயிலுக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு போக வேன் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதனால் மாப்பிள்ளையின் அண்ணன் அவன் பெயரை மேலே போட்டுவிட்டார். கூடப்பிறந்தவன் நான் குத்துக்கல்லாக இருக்கிறேன். என் பெயர் கீழே. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போது கூசுகிறது. அன்றைக்கு அது நியாயமான கோபமாகத்தான் தெரிந்தது. என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி இப்படிக் குதிக்கிறீங்க? பிள்ளைக்கு நல்லபடியா முடியட்டும், போயிட்டு வந்துருவோம்" என்றாள். அவளை ஒரு வாரம் பேசாமல் தண்டித்தேன்.

நான் போகவில்லையென்றால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடியில் பிள்ளையை உட்காரவைக்க மாட்டார்கள். பெயர் யாருடையதாக இருந்தாலும் மடி என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். அது தெரிந்துதான் போகவில்லை. தடுக்கிற வலு என் கையில் இருக்கிறது என்பதே எனக்கு ருசித்தது.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் வேன் வந்து எங்கள் தெருவில் நின்றது. மாப்பிள்ளை இறங்கி வாசலில் நின்றார். நான் பனியனோடு உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இல்லையென்று சொல்லச் சொன்னேன். மனைவி சொன்னாள். டிவி சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "மச்சான் வந்தா சொல்லுங்க. எல்லாரும் கோயில்ல காத்துக்கிட்டு இருக்காக. பிள்ளைக்காகவாச்சும் வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வெயிலில் அரைமணி நேரம் நின்றார். நான் எழுந்து போய் சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. அன்றைக்கு முடி இறக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டார்கள். அடுத்த மாசிக்குத்தான் திறக்கும்.

பங்குனியில் தங்கை மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள்.

"அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. சாமி குத்தம் வந்தா எனக்கு வரட்டும். முடி எறக்காமலே மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். நீ ஒரு எட்டு வந்து அவுக அண்ணங்கிட்டச் சொல்லு. நீ ஆஸ்பத்திரில இருக்கவன்னு ஒரு மரியாதை இருக்கு, நீ சொன்னா கேப்பாக."

அவள் சொன்னது உண்மை. நான் போய்ச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். இல்லை, பிள்ளையை அப்படியே வாங்கிக்கொண்டு நானே ரயில் ஏறியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம்பேரு கீழதான போட்டிருக்கு. மேல யாரு பேரு இருக்கோ அவனக் கூட்டிட்டுப் போ" என்றேன். பிள்ளை அவள் தோளில் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. நான் அதன் முகத்தைப் பார்க்காமல் பேசினேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பது என் மனைவிக்கும் தங்கைக்கும் தெரியும். இரண்டு பேருமே இன்றுவரை அதைத் திருப்பிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் நடந்தது. பிள்ளை தேறிவிட்டது.

ஆடிக்குப் பிறகு சளி பிடிப்பது குறைந்தது. பால் குடித்தால் வியர்ப்பதில்லை. மூச்சு வாங்குவது அடங்கி, கன்னத்தில் சதை வைத்தது. தத்தித் தத்தி நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அந்த வீட்டில் எல்லோரும் சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் பேச்சு நின்றது. டாக்டரிடம் காட்டப் போவதும் நின்றது. என் மனசிலும் ஓர் ஓரத்தில் நிம்மதி வந்தது. நான் போகாமல் இருந்ததால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் தங்கை வந்தாள். கோபமெல்லாம் மறந்து, "எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துரு அண்ணே" என்றாள். எடுத்தேன். இருட்டறையிலிருந்து ஈரப் படத்தோடு வெளியே வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதயம் சுருங்கியிருந்தது. நுரையீரலின் ஓரங்களில் முன்பு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த கோடுகள் இல்லை. கறுப்பாக, சுத்தமாக இருந்தது. "பாத்தியா, நெஞ்சு எம்புட்டு கிளியரா இருக்கு! ஓட்டை மூடிக்கிட்டு வருதுன்னு நெனைக்கிறேன். பயப்படாம போ. அடுத்த மாசிக்கு முடி எறக்கிட்டு நிதானமா டாக்டரப் பாப்போம்" என்றேன். தங்கை கும்பிடாத குறையாக என்னைப் பார்த்தாள்.

டாக்டர் அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். இரண்டு மாடி ஏறினால் அவர் அறை. படத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால், "ஏன் இன்னும் ஆபரேஷன் பண்ணல?" என்று கேட்பார். அதற்கு நான் பத்திரிகைக் கதையைச் சொல்ல வேண்டிவரும். அந்த வெட்கத்துக்குப் பயந்து, படத்தை உறையில் போட்டுத் தங்கையிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாசிக்கு வந்த பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் தனியாக இருந்தது. பெரியப்பா மகன் எங்கோ அடியில், 'நல்வரவை விரும்பும்' கும்பலில் கிடந்தான். நான் அதை மனைவியிடம் இரண்டு தடவை காட்டினேன். பட்டுச் சட்டை தைத்துக்கொண்டேன். மேளத்தோடு என்னை எதிர்கொண்டு அழைத்தார்கள். கழுத்தில் மாலை போட்டார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் பொட்டல் வெயிலில், ஒலிபெருக்கி காதைப் பிளக்க, நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இரண்டே கால் வயதுப் பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஈரத் தலையில் கத்தி ஓட ஓட, பிள்ளை வீறிட்டு அழுதது. அழுகையின் உச்சத்தில் அதன் உதடு நாவல்பழம் தின்றது போலக் கறுத்தது. "அழுது அழுது மொகம் கறுத்துப் போச்சு" என்று யாரோ சொன்னார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். காது குத்தி முடிந்ததும் தலையில் சந்தனத்தைப் பூசி, என்னையும் பிள்ளையையும் போட்டோ எடுத்தார்கள். பத்தடி தள்ளி வெட்டிய கிடாயின் ரத்தம் மண்ணில் கட்டி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மடியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டுப் போய் இரண்டு இலை சாப்பிட்டேன்.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். அவர் தங்கையை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் எதுவும் கேட்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"ஓட்டைச் சத்தம் ரொம்பக் கொறைஞ்சிருக்கு" என்றார்.

தங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆமா சார். சளியே பிடிக்கிறதில்ல. நல்லாச் சாப்புடுறா."

அவர் சிரிக்கவில்லை. பிள்ளையை வராந்தாவில் ஓடவிட்டு, திரும்பி வந்ததும் உதட்டைப் பார்த்தார். விரல் நகங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "சளி பிடிக்கிறது எப்ப நின்னுச்சு?" என்றார். ஆடிக்கு அப்புறம் என்றாள். "நடுவுல படம் எதுவும் எடுத்தீங்களா?"

"அண்ணந்தான் எடுத்துச்சு சார். நல்லாருக்குன்னு சொல்லுச்சு."

உறையிலிருந்து அந்த ஆவணிப் படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நான் சுவரோரமாக வெள்ளைக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "இத யார்ட்டக் காட்டுன?" என்று கேட்டார். யாரிடமும் இல்லை என்றேன். பேனா முனையால் நுரையீரலின் ஓரத்தைத் தொட்டார். நான் சுத்தம் என்று சொன்ன அதே கறுப்பு. "இங்க ரத்தக்குழாய் தெரியணும். தெரியல. இறுகிக்கிட்டு வருது. நுரையீரலுக்குள்ள ரத்தம் போக முடியாமத்தான் இருதயம் சுருங்கியிருக்கு, மூச்சு வாங்குறது அடங்கியிருக்கு. பிள்ளை தேறல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கே மாடி ஏறி வந்து இத எங்கிட்டக் காட்டியிருந்தா ஒருவேளை..." என்று ஆரம்பித்தவர், தங்கையைப் பார்த்ததும் மேலே சொல்லவில்லை. என்னைத் திட்டவுமில்லை. முகத்தில் மட்டும் ஒரு சுளிப்பு வந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த சுளிப்பு. தொக்கம் எடுத்த அம்மாளின் உள்ளங்கையைப் பார்த்தபோது என் முகமும் அப்படித்தான் சுளித்திருக்கும்.

மெட்ராஸுக்குப் போனோம். தொடை வழியாகக் குழாய் விட்டு நுரையீரலில் அழுத்தத்தை அளந்தார்கள். ஆக்ஸிஜன் கொடுத்து மறுபடி அளந்தார்கள். குறையவில்லை. அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்: இனி ஓட்டையை அடைக்க முடியாது, அடைத்தால் இதயம் திணறி நின்றுவிடும், இப்போதைக்கு அந்த ஓட்டைதான் பிள்ளைக்கு வடிகால். மருந்து கொடுக்கலாம். ஓட விடாதீர்கள், மலை மேல் கூட்டிப் போகாதீர்கள். வளர்ந்த பிறகு பிள்ளை பெறுவது கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. எத்தனை வருஷம் என்று மாப்பிள்ளை கேட்டார். அந்த அம்மாள், "நல்லாப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது ரயிலில் பிள்ளை என் மடியில்தான் தூங்கியது. புதுத் தோடு வெளிச்சம் பட்டபோதெல்லாம் மின்னியது. அந்த மடியை அறுத்து ரயிலுக்கு வெளியே எறிய வேண்டும் போல் இருந்தது.

சில வருஷங்களில் எக்ஸ்ரே வேலையை விட்டுவிட்டேன். அவனியாபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்தேன். யாராவது படத்தைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றால் கையால்கூடத் தொடுவதில்லை. பெரிய யோக்கியன் ஆகிவிட்டேன் என்று இதைச் சொல்லவில்லை. தொட்டால் அந்தப் புளித்த வாடை வருகிறது.

பிள்ளை வளர்ந்தாள். விரல் நுனிகள் உருண்டு தடித்து, நகம் நீலம் பாரித்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்காக வகுப்பைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். மற்ற பிள்ளைகள் ஓடும்போது அவள் மரத்தடியில் பைகளுக்குக் காவல் இருப்பாள். ஆனால் வாய் இருக்கிறதே, ஊரையே வாங்கும். என்னைக் கேலி செய்வதென்றால் அவளுக்கு அவ்வளவு இஷ்டம். நான் கோவித்துக்கொண்டு கோயிலுக்கு வராமல் போனது அந்த வீட்டில் நாளாவட்டத்தில் ஒரு சிரிப்புக் கதையாகிவிட்டது. விசேஷ வீடுகளில் யாராவது அதை எடுத்துவிட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அந்தக் கதைக்கும் அவளுடைய நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. 'பிறவியிலேயே அப்படி, டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்' என்பதுதான் அவளுக்குச் சொல்லியிருந்தது. சொன்னவன் நான்.

பதிமூன்று வயதில் வயசுக்கு வந்தாள். பிள்ளை பெறவே கூடாது என்று டாக்டர்கள் சொன்ன பெண்ணுக்குச் சடங்கு வைப்பதற்கு மண்டபம் பிடித்தார் மாப்பிள்ளையின் அண்ணன். வாசலுக்கு ஃப்ளெக்ஸ் போர்டு, ஊருக்கெல்லாம் பத்திரிகை. எனக்குப் பத்திரிகை வைக்க வரும்போது அவளையும் வேனில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் அப்போது மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சத்தம் போட்டேன்; அவள் கேட்கவில்லை. மூன்று இடத்தில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவந்தாள். பட்டுப் பாவாடை, கை நிறைய வளையல். தட்டைத் தங்கையிடமிருந்து வாங்கி அவளே என் கையில் கொடுத்தாள்.

"மாமா, பிரிச்சுப் பாரு. ஒம்பேருதான் மொதல்ல. பிரஸ்ல நாந்தான் சொல்லி மேல போட வச்சேன். இல்லாட்டி நீ கோவிச்சுக்கிட்டு வரமாட்டியாம்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு முட்டி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதடு கறுத்துப்போய், மூச்சு திரும்பி வரும் வரைக்கும் அப்படியே நின்றாள். தங்கை அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

நான் பத்திரிகையைப் பிரித்தேன். என் பெயர் முதலில்தான் இருந்தது.